விவரம்

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரை விரல்விட்டுச் சிரிப்பவர்கள்
என் கடையைப் பார்த்தால்
இன்னொரு விரலை மடக்குவார்கள்.

சுண்ணாம்புக்காரத் தெருவில்
நித்திலா மரைன் ஸ்டோர்ஸ்.
மண்ணடியில் கப்பல்களுக்குச் சரக்கு போடும் என் கொழுந்தனார்,
கேப்டன் கையெழுத்திடாமல் திருப்பியதையெல்லாம்
காட்பாடி லாரியில் ஏற்றிவிடுவார்.

சேக்கிள் வாங்குவது போர்வெல்காரன்.
கப்பி, மூன்றாம் மாடிக்கு மணல் ஏற்ற.
உப்புக்காற்றுக்கென்று செய்த வார்னிஷ்
கல்யாண மண்டப மேடையில் மினுங்குகிறது.
ஏலகிரிப் படகுத்துறைக்கு வருஷத்தில் ஆறு லைஃப் ஜாக்கெட்,
அதுவும் கடன்.
யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பாய்ப்படகுக்கு
ஆம்பூரில் தைத்த செருப்பு,
நனைந்த தளத்தில் வழுக்காதது,
ஒரு தையல் பிசகினால் என்னிடம் வரும்.
பிரியாணிக் கடையில் அண்டா கழுவுகிறவர்கள்
அதைப் போட்டுக்கொண்டு
நுரையில் உறுதியாக நிற்கிறார்கள்.
நங்கூரம் மட்டும் போகவில்லை.
முப்பத்திரண்டு கிலோ.
தராசுக்காரர் வரும்போது அதுதான் சாட்சி.

ஆடிக் காற்றில் ஒருநாள் அவர் வந்தார்.
கழுத்தில் ஆஸ்பத்திரி பாஸ்.
எதுவும் கேட்காமல்
கயிற்றுச் சுருளை முகர்ந்தார்.
நான் சுற்றியதை முழுக்கப் பிரித்து
வலமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார்,
தன் வீட்டுச் சட்டையை மாட்டுவதுபோல.
ஹல்தியா, என்றார்.
நெஞ்சைத் தொட்டு, சாரங்கு.

என் இந்தி கடை இந்தி,
எண்கள் மட்டும் சுத்தம்.
எட்டு மில்லியில் பதினாறு மீட்டர். கிளீட் இரண்டு.
எதற்கு?
துணி காயப்போட.

காந்தி ரோட்டில் போகும்போது அண்ணாந்து பார்த்தேன்.
வங்காள எழுத்தில் மீன்குழம்பு விலை எழுதிய பலகைக்கு மேலே
மூன்றாம் மாடியில், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு
தொய்வே இல்லாத ஒரு கொடி.
லுங்கி ஒன்று, நைட்டி ஒன்று,
பூப்போட்ட சின்ன ஃபிராக் ஒன்று.
மூன்றையும் காற்று ஒரே பக்கம் ஊதியது.

யாருக்கு வைத்தியம் என்று
இந்த ஊரில் நாங்கள் கேட்பதில்லை.
கேட்க ஆரம்பித்தால்
கடை திறக்க முடியாது.

அப்புறமும் வந்தார், வாங்காமல்.
லைஃப் ஜாக்கெட்டின் விசிலை ஊதிப் பார்த்து
தலையை ஆட்டினார், சரியில்லை.
ஒரு சேக்கிளின் துருவைச் சட்டை முனையால் துடைத்தார்.
பிறகு இரண்டு வாரம் காணோம்.

ஒரு வியாழக்கிழமை
கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
சோப்பு வாசனை.
வெட்டிய கயிறு வாபஸ் இல்லை என்று
பலகையே இருக்கிறது. அதை நானே மறைத்து நின்றேன்.
அளந்தால் பதினான்கு.
முழுப் பணத்தையும் நீட்டினேன்.
இரண்டு மீட்டருக்கு நாற்பது ரூபாயை
எண்ணி மேஜையில் வைத்துவிட்டு
சொன்னார்: பேட்டி கே லியே.

பெட்டிக்கா? மகளுக்கா?
அவர்கள் உதடு இரண்டாகப் பிரிப்பதை
எங்கள் எழுத்து ஒரே பகரத்தில் வைத்திருக்கிறது.
என் காதும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.
மகளுக்கு என்றால்
இரண்டு மீட்டர், ஸ்கிப்பிங் ஆடச் சரியான அளவு.
பெட்டிக்கு என்றால்
ரயிலில் சீட்டுக்கு அடியில் போகிற பெட்டியும் இருக்கிறது.
நீளமான பெட்டியும் இருக்கிறது.
திரும்பக் கேட்டிருக்கலாம்.
வாசலில் போர்வெல்காரன் ஹாரன் அடித்தான்,
ஏழு சேக்கிள், அவசரம் என்று.

அந்தக் கயிறு மறுவாரம் மணல்காரருக்குப் போனது.
அவர் இழுக்க இழுக்கச் சிக்காமல் அவிழ்ந்தது.

மார்ச் மாதக் கணக்கில்
ஆடிட்டர் குணாளன் பேனாவை நிறுத்தினார்.
"கயிறு ரெண்டு மீட்டர், நாப்பது ரூபா.
விவரம், பேட்டின்னு போட்டிருக்கீங்க.
யாரும்மா உங்களப் பேட்டி எடுத்தது?"