ஒரு ‘லாம்’

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் இருமினார், யார் கடிகாரம் பார்த்தார்
என்பதெல்லாம் அதில் வராது.
“விவாதம் நடந்தது” என்று வரும்.

அன்று விவாதம் நடந்தது.

ஸ்காட்லாந்து இதோடு முடிகிறது என்று
காற்று கன்னத்தில் அறைந்து சொல்லும் வடகரை ஊர்.
நகர்மன்ற மாடியறை. ஒரு ஹீட்டர், எட்டு உறுப்பினர்கள்.
திட்டக் கொள்கை வரைவு, பக்கம் நாற்பத்தொன்று, பிரிவு ஏழு:
“துறைமுகத்துப் பழங்கட்டடங்கள் பாதுகாக்கப்படலாம்.”

படலாம்.
படாமலும் போகலாம்.

அந்த லாமுக்குள் ஒரு புல்டோசர்
இடிக்காமல் திரும்பும் அளவுக்கு இடம் இருக்கிறது
என்றார் ரோனா மக்காய்.
சிரித்தார்கள். குறிப்பில் இல்லை.

எந்தக் கட்டடம் என்று பெயர் சொல்லக் கூடாது;
கொள்கை எல்லாவற்றுக்கும் பொது.
ஆனாலும் எட்டு முகங்களும் ஒரே ஜன்னலுக்குத் திரும்பின.
கீழே, ஹெர்ரிங் மீனுக்கு உப்பிட்ட கொட்டகை.
இரண்டடிச் சுவர். கூரையில் பாதி வானம்.
உள்சுவரில் தார்க்கோடுகள்:
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
பீப்பாய்க் கணக்கு.
கடைசிக் கட்டில் மூன்றே கோடு.
நான்காவது பீப்பாய் என்ன ஆனது என்று
எந்த ஆவணத்திலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

உரிமையாளர் டூகல்ட் ஸ்வான்சன்
நனைந்த தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு
கடைசி வரிசையில் இருந்தார். பேச மூன்று நிமிடம்.

“காப்பீட்டுக்காரன் என்னைத்தான் கேட்கிறான்.
போன ஜனவரியில் கூரைக்கல் ஒன்று சரிந்து
ஒரு பையனின் சைக்கிளை மடக்கிப் போட்டது.
அவன் அப்போதுதான் இறங்கியிருந்தான்.
லாமை எடுத்துவிட்டு வேண்டும் என்று போடுங்கள்.
உங்கள் ‘வேண்டும்’ வந்து ஏணி பிடிக்குமா?”

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.
உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுதினேன்:
“உரிமையாளர் கருத்துத் தெரிவித்தார்.”

ஆதரவு நான்கு, எதிர்ப்பு நான்கு.
தலைவி ஜெசமின் பட்ஜுக்கு இன்னொரு வாக்கு உண்டு.
கொட்டகை போய்ப் பதினான்கு வீடுகள் வந்தால்
இன்வெர்னஸில் வாடகைக்கு இருக்கும் மகள்
ஊர் திரும்பக்கூடும்; எல்லோருக்கும் தெரிந்த கதை.
முதல் முறை எதிர்ப்பில் எழுந்த கை
இரண்டாம் முறை,
ஜன்னல் பக்கம் பார்க்காமல்,
ஆதரவில் எழுந்தது.

ஏன் என்று குறிப்பு கேட்காது.
நானும் கேட்கவில்லை.
பழுதுபார்க்கும் நிதி, அடுத்த கூட்டத்துக்கு
ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலை திருத்தம் ஏற்றினேன்.
பாதுகாக்கப்படலாம்.
பின்னழிப்பு விசையை மூன்று முறை தட்டினேன்.
பாதுகாக்கப்பட
என்று கூரையில்லாமல் நின்றது சொல்.

தேநீர் ஆறும்வரை
அதை அப்படியே விட்டிருந்தேன்.
வெளியே மழை, அதற்கு எந்தப் பிரிவும் தெரியாது,
பாதி வானத்து வழியாக
மூன்று கோடுகள் மீது இறங்கிக்கொண்டிருந்தது.

வேண்டும் என்று அடித்தேன். முற்றுப்புள்ளி.

பொருள் எட்டு:
கடற்கரைச் சாலையில் குப்பைத் தொட்டிகள்.
விவாதம் நடந்தது.