இருநூற்றுப் பதினான்காம் வரி

கவுனாஸ் டிராலிபஸ் பணிமனையில்
என் ஷிப்ட் பதினொன்றுக்கு முடியும்.
விரலில் கிரீஸ் வாசனை போவதற்குள்
வீட்டில் மடிக்கணினியைத் திறந்திருப்பேன்.

லினக்ஸ். ஜன்னல் இல்லாத வீடு.
கடையில் விற்கும் விளையாட்டுகளோ
ஜன்னல் உள்ள வீட்டுக்குத்தான் குடிவருமாம்.
அதனால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் உட்கார்ந்து
ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
இதோ ஜன்னல், இதோ திரைச்சீலை,
இதோ நீ கேட்ட வெளிச்சம்.
விளையாட்டு நம்பிவிடுகிறது.
சில நாள் சொந்த வீட்டைவிட
இங்கே நன்றாகவே ஓடுகிறது.

காவல்காரன் மட்டும் நம்புவதில்லை.
போன மாதம் ஒரு புதுப்பிப்பு வந்தது.
வகுப்புத் தோழிகளோடு ஆடிக்கொண்டிருந்த ஸ்மில்தேயை
'மோசடிக்காரி' என்று எழுதி வெளியே தள்ளினான்.
பன்னிரண்டு வயது.
"அம்மா, நான் என்ன செய்தேன்?"
ஒன்றும் இல்லை கண்ணே.
அவனுக்குத் தெரியாத கதவு வழியாக வந்தாய்.

அன்றிரவுதான் முதல்முறையாக
என் விளையாட்டைக் கேட்டாள்.

மார்ச் மாதம். நெமுனாஸ் ஆறு உறைந்திருக்கிறது.
சறுக்குவண்டியில் தபால் மூட்டை, முன்னால் ஒரு குதிரை.
பனி உடைவதற்குள் அக்கரை போக வேண்டும்.
அவ்வளவுதான்.
சனிக்கிழமை இரவானால் பத்தொன்பது பேர் ஆடுவார்கள்,
அதில் ஒருவர் பராகுவேயில்; இதுவரை பேசியதில்லை.
குதிரையை வரைந்தது லுப்லியானாவில் ஒரு பல்மருத்துவர்.
கால்கள் சுமார். பற்கள்
ஒவ்வொன்றும் அத்தனை கச்சிதம்.

நானும் கிண்டவுதஸும் சேர்ந்து தொடங்கினோம்.
பனி உடைந்தால் குதிரை என்னவாகும்
என்பதில் சண்டை வந்தது.
மூழ்கும், ஆறு யாருக்கும் தள்ளுபடி தராது என்றான்.
நீந்திக் கரையேறும் என்றேன்.
மூன்று வாரம் கத்தினோம்.
பிறகு ஓர் இரவில் மொத்த நிரலையும் எடுத்துக்கொண்டு போனான்.
எடுத்துக்கொண்டு போனான் என்றும் சொல்ல முடியாது.
என்னிடமும் முழுதாக இருந்தது.
இது ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை:
ஆளுக்கு ஒரு முழு வீடு.
வழக்கில்லை, நடுச்சுவர் இல்லை,
பேச்சு மட்டும் இல்லை.
ஒன்பது குளிர்காலம், இரண்டு ஆறுகள்.

ஸ்மில்தே ஆடினாள். நடு ஆற்றில்
குதிரைக்கு மூச்சு வாங்கட்டும் என்று நிறுத்தினாள்.
பனி பிளந்தது.
"ஓடினால் தாங்குகிறது, நின்றால் உடைகிறதே?"

தெரியும். நாலு வருடமாகத் தேடுகிறேன்.
இதே பிழைக்கு ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்:
வெட்கக்கேடு, ஞாயிறுக்குள் சரியாக வேண்டும்.
ஊரார் வீட்டு நெய்,
அதிலும் உருகவில்லை என்று புகார்.

தூக்கம் வரவில்லை.
அவன் ஆற்றுக்குப் போனேன்.
பூட்டு ஒருபோதும் இருந்ததில்லை,
நான்தான் போகவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் வரி.
நிற்கும் வண்டியின் எடை இரண்டு முறை கூட்டப்படுகிறது.
ஒரு கூட்டல் குறியை நீக்கியிருந்தான்.
ஆறு வருடத்துக்கு முன்பே.
மேலே ஒரு குறிப்பு:
'ராத்வீலே, உன் பக்கமும் இது இருக்கும். எடுத்துக்கொள்.'

ஆறு வருடம் நட்ட நடு வெளியில் கிடந்த கடிதம்.
உலகில் யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.
பராகுவேக்காரர்கூடப் படித்திருப்பார்.

அவன் ஆற்றை ஓட்டிப் பார்த்தேன்.
வேண்டுமென்றே மெல்லிய பனியில் இறங்கினேன்.
அவன் குதிரை இன்னும் மூழ்குகிறது.
கடன்காரன், மாறவே இல்லை.

வரியை எடுத்தேன்.
அவன் பெயரை அதன் பக்கத்திலேயே வைத்தேன்;
உரிமம் அப்படித்தான் சொல்கிறது,
உரிமம் சொல்லாவிட்டாலும் வைத்திருப்பேன்
என்று இப்போது நினைக்கிறேன், நேற்று தெரியாது.
குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே
'எடுத்துக்கொண்டேன்' என்று எழுதி அனுப்பினேன்.
அவன் குதிரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

காலையில் ஸ்மில்தே பள்ளிக்கு முன் ஒரு ஆட்டம் ஆடினாள்.
நடு ஆற்றில் நின்றாள். பனி தாங்கியது.
கரைக்குப் பத்தடி இருக்கையில்
அவசரப்பட்டு ஓரமாகப் போய் விழுந்தாள்.
அது அவள் தப்பு, என் தப்பில்லை.

குதிரை நீந்தி வந்து கரையேறி
உடம்பை உதறியது,
பல்லெல்லாம் தெரிய.