ஐந்தாம் பீரியட்

கரும்பலகையில் டைவர்சிட்டி என்று எழுதித்
திரும்புவதற்குள் இனியவன் எழுந்துவிட்டான்:
"தெரியும் சார், பைபாஸ்ல போர்டு வச்சிருக்காங்க.
ரோடு வேலை, சுத்திப் போகணும்."
அது டைவர்ஷன்டா என்றேன்.
"ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு."
இருந்தது.

கடலூர் முதுநகர், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு,
சத்துணவு சாம்பார் இமைமேல் ஏறி உட்காரும் நேரம்.
ஸ்டீரியோடைப் என்றதும்
ஷேர் ஆட்டோவில் அலறும் பெட்டியைச் சொன்னார்கள்.
மைனாரிட்டி என்றதும்
முப்பத்தெட்டுத் தலைகளும் அஃப்ரித் பக்கம் திரும்பின.
காம்பஸால் பெஞ்சைக் கீறிக்கொண்டிருந்தவன்
நிமிராமலே கேட்டான்:
"கணக்குல நூறு வாங்குனது நான் ஒருத்தன்தான்,
அதுவும் மைனாரிட்டியா சார்?"
வகுப்பு சிரித்தது.
நான் ஒரு நொடி பிந்திச் சிரித்தேன்.

கடைசிச் சொல்லை அசை பிரித்து எழுதினேன்.
பிரெ. ஜு. டிஸ்.
தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு
அப்புறம் விசாரிக்கக் கூப்பிடுவது என்றேன்.
பி.எட். படிக்கையில் புதுச்சேரி விடுதியில்
என் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள்
எனக்குப் பண்ருட்டிப் பலாக்காய் என்று பெயர் வைத்த கதையைச் சொன்னேன்.
பதினோரு வருடமாக இதே இடத்தில் இதே கதை.
அடிபட்டவன் எப்போதும் நானே.

ராகேஷ் மாஞ்சி தலையாட்டிக் குறித்துக்கொண்டான்.
அவன் அப்பா சிப்காட்டில் டிரம் உருட்டுகிறவர்.
இந்த ஊரில் அவன் முதலில் கற்ற தமிழ்ச்சொல்
வடக்கன்.
உச்சரிப்பு சுத்தம்.

வீட்டுப்பாடம்: அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம்.

மறுநாள் மாலை, பண்ருட்டி பஸ், மடியில் நோட்டுகள்.
தப்பெண்ணம் ஒரு சமூக நோய்.
தப்பெண்ணம் ஒரு சமூக நோய்.
கோனார் மாதிரி ஒரே அச்சில் இருபத்தாறு நோய்கள்.
நெல்லிக்குப்பம் தாண்டியதும் லோகிதா நோட்டு வந்தது.
படகு இன்ஜின் கம்பெனி காலண்டர் தாளில் அட்டை,
டிசம்பர் மாதம், அமாவாசைக்கு வட்டம்.
உள்ளே ஒரே வரி, ஆங்கிலத்தில்:
நான் வந்து உட்கார்ந்ததும் சார் ஜன்னலைத் திறப்பார்.

ஓப்பன்ஸில் எஸ் இருந்தது.
கமா அதன் இடத்தில் இருந்தது.
முற்றுப்புள்ளியைப் பென்சில் முனை உடையும்படி அழுத்தியிருந்தாள்.
கேட்ட சொல் மட்டும் வாக்கியத்தில் இல்லை.
விதிப்படி பூஜ்யம்.

காற்றுக்குத்தான் திறந்தேன்.
ஜூன் முழுக்கக் காற்றுக்குத்தான் திறந்தேன்.
சோனங்குப்பத்திலிருந்து படகேறி
உப்பனாற்றைக் கடந்து அவள் வந்த நாட்களில்.
வராத நாட்களில்?
ஃபேன் போதுமாக இருந்திருக்கிறது.

அந்த ஜன்னலைத் திறந்தால்
தெற்கேயிருந்து அழுகின முட்டை வாடை வரும்.
அதற்கு நான் ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை.
அதற்குப் பெயர் வேலைவாய்ப்பு.

சிவப்புப் பேனா மூடி எங்கோ சீட்டுக்கடியில் உருண்டது.
மதிப்பெண் போடவில்லை.
அவள் வரிக்குக் கீழே
அந்தச் சொல்லை நானே எழுதினேன்,
ஸ்பெல்லிங் சரிதானா என்று
பக்கத்து நோட்டைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் பீரியட்.
திறந்தால் அவள் வாக்கியம் சரி.
திறக்காமல் நின்றாலும் சரி.
சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு
வருகைப் பதிவேட்டை இரண்டாம் முறை வாசித்தேன்.
யாரோ முன்பே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

லோகிதா வந்தாள்.
பையை வைத்தாள்.
நேராகப் போய்க் கொக்கியை இழுத்து
இரண்டு கதவையும் சாத்தினாள்.

"சிப்காட் நாறுது சார்."

முப்பத்தெட்டுத் தலைகளும்
இந்த முறை என் பக்கம் திரும்பின.