பன்னிரண்டு வோல்ட்

வாசல் மணி செத்துப் பதினாறு வருஷம் என்றார்
பள்ளத்தூர் சிகப்பி ஆச்சி.
எந்த நாளில் செத்தது என்று யாருக்கும் தெரியாது.
வருகிறவர்கள் சுவிட்சை அழுத்துவார்கள், காத்திருப்பார்கள்,
பிறகு பேர் சொல்லிக் கத்துவார்கள்.
அவ்வளவுதான் அறிகுறி.

கம்பி தரைக்குள் போகிறது.
எந்தப் பக்கம் என்பதற்குப் படமில்லை.
பதித்தவன் பேரும் இல்லை,
கணக்கு நோட்டில் ‘ஒயரிங் கூலி 40’ என்று ஒரு வரி.

தோண்டலாமா என்றேன், வழக்கமாகக் கேட்பதுபோல.
வளவில் ஒரு ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க
பதினோரு புள்ளி சம்மதிக்க வேண்டுமாம்.
ஒருவர் ஈப்போவில், ஒருவர் கோயம்புத்தூரில்,
ஆச்சியும் இன்னொருவரும்
கோர்ட்டில், எதிரெதிர் பெஞ்சில்.

அதற்குத்தான் இந்தக் கருவி.
இரண்டு துண்டு. ஒன்று முனகும், ஒன்று கேட்கும்.
டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பியைக் கழற்றி
சிவப்புக் கவ்வியை அதில் கடிக்கவிட்டேன்,
கறுப்பை எர்த்தில்.
பேனா போன்ற மற்றதைப் பிடித்துக்கொண்டு
குனிந்து நடந்தேன்,
மூக்குத்தித் திருகைத் தொலைத்தவன் மாதிரி.
கீ… கூ… கீ… கூ…
விலகினால் தேயும். நேர் மேலே வந்தால் அலறும்.
அலறிய இடத்திலெல்லாம் சாக்பீஸ்.

முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டி,
வளவின் நடுவில் சத்தம் இரண்டாகப் பிரிந்தது.
ஒன்று அடுப்படிப் பக்கம்.
அதன் பின்னே போய் அரைமணி நேரம் வீண்.
அது பழைய டெலிபோன் கம்பி.
பக்கத்தில் படுத்திருந்த பாவத்துக்கு
இதன் பேச்சை வாங்கித்
தன் பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஊரில் சேதி பரவுவதும் இப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன். பங்காளி வீடு. விட்டுவிட்டேன்.

திருகைக் குறைத்தேன்.
கருவியைக் கொஞ்சம் செவிடாக்கினால்
இரவல் குரல்தான் முதலில் அடங்கும்.
மிஞ்சியது ஒரே கோடு.
வளவைக் குறுக்கே கடந்து
மேற்கு வரிசையில் மூன்றாவது கதவுக்கு அடியில் நுழைந்தது.
கதவில் பித்தளைப் பூட்டு.
“அது சோலையப்பன் வீடு” என்றார்.
ஓர் அறைதான். இங்கே அதற்கு வீடு என்று பேர்.
எதிர் பெஞ்சுக்காரர்.

கம்பி எங்கும் அறுபடவில்லை.
கவ்வியை எடுத்துவிட்டுப் பழையபடி இணைத்தேன்.
“வாசலுக்குப் போய் ஒருக்கா அழுத்துங்க.”
தேக்கில் காதை வைத்தேன்.
உள்ளே, இருட்டிலிருந்து,
ணங்.
செத்ததாகச் சொன்னது நல்ல குரலோடு இருந்தது.

ஆச்சி ஓடிவந்து தானும் காதை வைத்தார்.
அழுத்த ஆளில்லை.
நான் வாசலுக்குப் போய் அழுத்திவிட்டு வந்தேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
“மணி அவுக வீட்டுல. கரண்டு எம் மீட்டர்ல.
பதினாறு வருஷமா நான் காசு கட்டி
அவுகளைக் கூப்பிட்டுருக்கேன்.”
பன்னிரண்டு வோல்ட்டுக்கு
பெரிசா ஒண்ணும் ஆகியிருக்காது ஆச்சி, என்றேன்.
“ஆனது ஆகாதது இல்ல தம்பி கணக்கு.”

முகப்பில் கம்பி இறங்கும் இடத்தில் வெட்டினால்
உங்கள் பக்கம் திருப்பிவிடலாம்,
ஒரு கல்லும் உடையாது என்று
குறடை எடுத்தேன்.
கையை நீட்டித் தடுத்தார்.
கம்பியும் பொது.

சாக்பீஸ் கோட்டையும் பூட்டையும் போட்டோ எடுத்து
வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.
ஈப்போவிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவே.

கூலி அறுநூறு, பேட்டரி தனி.
எண்ணிக் கொடுத்துவிட்டு
வாசலில் அட்டை ஒட்டினார்:
மணி அடிக்க வேண்டாம். போன் செய்யவும்.

நான் வண்டியை நிமிர்த்தும்போது
சிலிண்டர்க்காரர் வந்தார்.
அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.
படித்துவிட்டு
சுவிட்சை அழுத்தினார்.
பைக்குள், அணைக்க மறந்த கருவி
ஒருமுறை உறுமியது.