எட்டுக்குப் பிறகு

சுற்றறிக்கை ஒரு வியாழக்கிழமை வந்தது.
பல்பு தொழிற்சாலையில் இழை சுற்றிக்கொண்டிருந்த நான்
எண்ணெய்க் கையோடு வாங்கிப் படித்தேன்:
இனி பெண்களுக்கு நூறு மீட்டர்.
தடை பத்து.
உயரம் நான்கு விரற்கடை கூடுதல்,
இடைவெளி அரை மீட்டர் கூடுதல்.
அவ்வளவுதான். ஒரு முத்திரை,
கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து.

"உன் கால்களுக்கு யாரும் தனியாகக் கடிதம் போடவில்லையா, எடெல்கா?"
என்று கேட்டான் யெனோ, ரயில்வே சங்கத்துத் தச்சன்.
புதுத் தடைகள் வந்துசேரும்வரை
பழையவற்றின் தலையில் சட்டம் வைத்து ஆணியடித்தான்.
வெள்ளை தீர்ந்துபோயிருந்தது;
நான்கு விரலுக்கும் பச்சை பூசினான்,
பெட்டிகளுக்கு வாங்கிய பச்சை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
என் முழங்காலில் ரயில் ஓடியது.

தடைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு.
இங்கிலாந்தில் யாரோ ஆட்டுக்கிடைத் தட்டிகளை
வரிசையாக நட்டுவைத்து
தாண்டு பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.
ஆடு தாண்டக் கூடாதென்று முடைந்ததை
ஆள் தாண்டினால் பந்தயம்.
நட்ட மரம் நகராது. இடித்தால் எலும்புதான் நகரும்.
பிறகு தூக்கி வைக்கிற சட்டம் வந்தது,
மூன்றைத் தள்ளினால் வெளியே போ என்கிற விதியும் வந்தது.
முப்பத்தைந்தில் அதன் பாதம்
ஒரு பக்கம் மட்டும் நீண்டது;
அன்றுமுதல் இடித்தால் முன்னால் சாய்கிறது,
தப்பு தன்னுடையது என்பதுபோல.

எங்களை ஒலிம்பிக்கில் விட்டது முப்பத்திரண்டில்.
எண்பது மீட்டர், எட்டுத் தடை.
அதற்குமேலும் பெண்ணுக்கு மூச்சு மிஞ்சும் என்று
அளவுநாடா வைத்திருந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த எண்பதை எனக்குத் தெரியும்,
விளக்கணைந்த பிறகும்
தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் தெரிவதுபோல.
அறுபத்தாறில் புடாபெஸ்டிலேயே ஐரோப்பியப் போட்டி.
என் தொழிற்சாலை மொத்தமும் மேற்கு வாசலில் நின்று கத்தியது.
அரையிறுதியில் வெளியேறினேன், ஒரு தோள்பட்டை அகலத்தில்.
அழவில்லை. பசித்தது.

அறுபத்தொன்பது செப்டம்பர், ஏதென்ஸ்.
பெரிய மேடையில் நூறு மீட்டர் ஏறிய முதல் வருடம்.
கடல் பக்கத்தில்; உதட்டில் உப்பு.
பக்கத்துத் தடத்தில் ஒரு நோர்வேக்காரி,
பத்தொன்பது இருக்கும்,
கணுக்காலில் சூரியன் சுட்ட தோல் உரிந்துகொண்டிருந்தது.
துப்பாக்கி.
தடை, மூன்று எட்டு, தடை, மூன்று எட்டு.
அரை மீட்டரை இடுப்பிலிருந்து கடன் வாங்கினேன்.
நான்காவதில் அவளைப் பிடித்தேன்,
ஆறாவதில் அவள் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டது.
எட்டாவதைத் தாண்டி இறங்கியதும்
என் மார்பு, என்னைக் கேட்காமல்,
முன்னால் குனிந்தது,
பதினொரு வருடமாக முடிவுக்கோடு இருந்த திசையில்.

கோடு அங்கே இல்லை.
ஒன்பதாவது தடை இருந்தது.

அது சாய்ந்தது, நான் சாயவில்லை.
பத்தாவதை எப்படிக் கடந்தேன் என்று
இன்றுவரை தெரியாது.
ஏழாவதாக வந்தேன்.
சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் ஈட்டி எறிகிறவள் கேட்டாள்:
"நடுவழியில் யாருக்கு வணக்கம் வைத்தாய்?"
சிரிக்காமல் இருக்க முடியவில்லை,
சூப் மூக்கில் ஏறிவிட்டது.

சங்கத்துச் சாதனைப் பதிவேட்டில்
எண்பது மீட்டர் தடை, பெண்கள், பத்து புள்ளி ஒன்பது,
எதிரில் என் பெயர்.
அதன் கீழே எழுத்தர் சிவப்பு மையில் கோடு இழுத்தார்.
இனி அதை யாரும் முறியடிக்க முடியாது.
அதில் எனக்குப் பங்கில்லை.

புதுத் தடைகள் வந்தபின்
யெனோ பச்சைச் சட்டங்களைப் பிடுங்கி அடுப்புக்கு அனுப்பினான்.
ஒன்றை நான் எடுத்துவந்தேன்.
சமையலறைச் சன்னல் தானாக மூடிக்கொள்கிற சன்னல்;
அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
நான்கு விரல் அளவுக்குக் காற்று வருகிறது.