பதினேழாவது கட்டம்

மெர்ச்சன்ட் தெருவில் மழைக்கு முந்தின புழுக்கம்.
பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள்;
காரணத்தை வைத்துக்கொண்டார்கள்.

இரவல் பெட்டியோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"அதற்குள்ளா வந்துவிட்டாய்?" என்றாள் மா தீரி.
பூட்டு இறுகுகிறது, எண்ணெய் விடு என்றேன்.

வியாசர்பாடிக்கென்று கட்டிய லப்பெ, மூன்று பொட்டலம்.
ஒன்றை அங்கேயே பிரித்தோம்.
பூண்டு, வறுத்த பயறு, காந்தும் மிளகாய்.
தங்கைக்கு இது ஒன்பதாம் மாதம்,
கேட்டது இது ஒன்றுதான்.
இருவரும் வழித்துத் தின்றோம்.

கரன்ட் போயிற்று.
மெழுகுவத்தியில் புதுப் படிவம்.
பெயர்: அஞ்சுகம்.
வேறு பெயர் உண்டா?
பள்ளிக்கூடத்தில் வைத்தது, கின் மியோ ஸ்வே.
போனமுறை அதை விட்டிருந்தேன்.

பதினேழு:
இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதுண்டா?
போன மாதம்
படிக்காமலே தாண்டிய கட்டம்.

பேனாவை உதறிப் பார்த்தேன்.
மை இருக்கத்தான் செய்தது.