இரண்டு விரல் இடைவெளி

எங்கள் அணிக்கு ஒரே ஹெல்மெட்.
யாரோ ஒரு அண்ணனின் தலைக்கு வாங்கியது.
அவன் இப்போது நெய்வேலியில் ஷிப்ட் பார்க்கிறானாம்;
அவன் வேர்வை மட்டும்
இன்னும் எங்களோடு ஆடுகிறது.

நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவே
இரண்டு விரல் தாராளமாகப் போகும்.
துப்பட்டாவை மடித்து அடைத்துக்கொள்வேன்.
தாடை வாரின் கொக்கி போன வருஷமே உடைந்துவிட்டது,
ஷூ லேஸால் ஒரு முடிச்சு.
குனிந்தால் கம்பி வலை கண்ணுக்குக் கீழே இறங்கும்.
நிமிர்ந்தால்
மஞ்சக்குப்பம் மைதானத்தில் பாதி தெரியும்.
மீதிப் பாதியைப்
பழக்கத்தில் காத்தேன்.

பெனால்டி கார்னர்.
அந்தப் பெண் மட்டையை இழுத்த விதம் ஞாபகமிருக்கிறது.
பந்து கிளம்பியது ஞாபகமிருக்கிறது.
பிறகு

மண்.
மண்ணில் ஒரு கட்டெறும்பு.
ஹெல்மெட் பக்கவாட்டில் திரும்பி
காது இருக்க வேண்டிய இடத்தில் என் மூக்கு.

"ஒண்ணுமில்ல" என்றேனாம்.
எழுந்தேனாம்.
இன்னும் இருபது நிமிஷம் நின்றேனாம்.
இரண்டு கோல் தடுத்தேனாம்.
கோப்பையோடு நான் சிரிக்கும் போட்டோ
ஹாஜிராவின் போனில் இருக்கிறது.
அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.
என் ஜெர்சியைப் போட்டிருக்கிறாள்.

வீட்டில் டியூப்லைட் உரக்கப் பேசியது.
தேவனாம்பட்டினத்து அலை
ராத்திரியெல்லாம் தலைக்குள் வந்து புரண்டு படுத்தது.
இயற்பியல் புத்தகத்தில் வரிகள்
அந்தக் கட்டெறும்பின் பின்னால் ஊர்ந்து போயின.
ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.
காட்ட எதுவும் இல்லாத வலியை
யாரிடம் காட்டுவது?
மீன்குழம்பு வாசனைக்கே இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகுதான்
அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:
"இன்னிக்கு என்ன கிழமை?"
"மூணுக்கு ரெண்டு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மண்டை உடையவில்லை, உள்ளே மூளை குலுங்கியிருக்கிறது,
நான் சொல்லும்வரை கிரவுண்டுப் பக்கம் ஆடப் போகாதே,
ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால்...
வாக்கியத்தை முடிக்காமல்
சீட்டை மடித்துக் கொடுத்தார்.

பதினேழாம் நாள்
வேடிக்கை பார்க்க மட்டும் போனேன்.
கோலில் ஹாஜிரா.
அவள் தலை என்னுடையதைவிடச் சின்னது.
"தலைய ஆட்டுடி" என்றேன்.
ஆட்டினாள்.
தலை வேணாம் வேணாம் என்றது.
ஹெல்மெட் அசையாமல்
நேரே பார்த்து நின்றது,
வேறு யாரையோ காப்பதுபோல.

சிரித்தோம்.
அப்புறம் சிரிக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது நான்.
கழற்றியது அவள்.
தமிழ்வேந்தன் சார் விசில் ஊதினார்.
"வெள்ளிக்கிழமை சிதம்பரத்தோட மேட்ச்" என்றார்.
ஹாஜிரா கோல் கோட்டிலேயே
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.
முதலில் சௌபர்ணிகா, பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும்.
பந்து மட்டும் கொஞ்ச தூரம் உருண்டு போய்
வேலியோரம் நின்றது.

சாயங்காலம் ஹெல்மெட்டையும் ஹாஜிராவையும்
வீட்டுக்கு அழைத்து வந்தேன்.
அம்மாவின் ஜாக்கெட் அளவு நோட்டில்
நெஞ்சு, இடுப்பு, கைச்சுற்று, முன்கழுத்து இறக்கம்:
புதுப்பாளையத்துப் பெண்கள் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள்,
ஒருத்திக்கும் தலை இல்லை.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி
காதுக்கு மேலாகப் பிடரி சுற்றி
நாடா வந்து சேர்ந்தது.
ஹாஜிரா இருபதரை.
நான் இருபத்தொன்று.
ஹெல்மெட்டின் உள்சுற்று இருபத்து நாலு.

சாரிடம் கொடுக்கப் போகும் கடிதத்துக்காக
அம்மா பென்சிலை நாக்கில் தொட்டு
கடைசிப் பக்கத்தில் புதுசாக ஒரு தலைப்பு எழுதினாள்:
தலை.

வழக்கம்போல் கேட்டாள்,
"லூஸ் எவ்வளவு விடட்டும்?"

"ஒண்ணும் வேணாம்மா."